குளக்கட்டில் வைத்துப் புரட்டிய நாவல்கள்

திங்கள், வடக்கு நோக்கிய ரயிலில்

இந்தக் கிழமை முழுக்க இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குள்தான் சுற்று. பையில் உடுப்பை விடப் புத்தகந்தான் கூட. அண்மையில் வாசித்து முடித்த நாவல்களை, அவை பேசுகிற இடங்களுக்கே கொண்டுபோய் இன்னொருமுறை புரட்டிப் பார்ப்பதுதான் நோக்கம். எல்லா நாவலிடமும் கேட்கப்போவது ஒரே கேள்வி. இந்த நிலம் கதைக்குள் வேலை செய்கிறதா, அல்லது நாடக மேடையின் பின்சீலையாகச் சும்மா தொங்குகிறதா? குளத்தையும் காட்டையும் மழையையும் எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நடக்குமென்றால், அதில் வன்னி என்பது வெறும் ஊர்ப்பெயர்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம், எதை இரண்டு வருடம் பொறுத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் எழுதுகிறேன்.

ரயிலில் வாசிக்க அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’தை விடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. 2021இல் வந்தது, அந்த வருடப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. கொழும்பில் இருக்கும் கிருஷனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அவனுடைய அப்பம்மாவைப் பராமரித்து வந்த ராணி, ஊருக்குப் போன இடத்தில் கிணற்றுக்குள் விழுந்து இறந்துவிட்டார். செத்தவீட்டுக்காக அவன் கிளிநொச்சிக்கு ரயில் ஏறுகிறான். வெளியே நடப்பதாகச் சொன்னால் கதை இவ்வளவுதான். யுத்தத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி பதுங்கு குழிகளுக்கு மேல் போன பாதை இது. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது 2013 செப்ரெம்பரில்தான். அந்தப் பாதை திரும்பவும் போடப்படாவிட்டால் இந்த நாவலும் இல்லை. கொழும்பிலிருந்து ஆறேழு மணித்தியாலம் ஒரே இருக்கையில் இருந்து போகிற நீளம்தான் கிருஷனின் நினைவுகளுக்கு இடம் கொடுக்கிறது.

வாசிக்கிறவர் களைக்கிற இடம் எதுவென்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் நேர் உரையாடல் கிடையாது. ஒரு வசனம் அரைப்பக்கம் போகும், ஒரு பந்தி இரண்டு பக்கம் போகும். வேகமாக வாசித்தால் மூன்றாவது வரியிலேயே எழுவாய் தவறிப்போகும். ஒரு தடவைக்கு இருபது பக்கம் காணும். மூன்று பாகங்களில் நடுப்பாகம்தான் மெதுவானது, ஆனால் அதைத் தாண்டிக் குதித்தால் நட்டம். ராணியின் சாவு தற்செயலா என்ற கேள்விக்கு வேண்டிய துண்டுகள் அங்கேதான் சிதறிக் கிடக்கின்றன. யுத்தத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தாயின் உடம்பு, நித்திரை, மருந்து, மௌனம் எல்லாம் அங்கே மெல்ல மெல்லச் சேர்கின்றன.

மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் கதையைப் பெரியபுராணத்திலிருந்து எடுத்து, முதற்பாகத்திலேயே வைத்திருக்கிறார். அந்தக் கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு, கிருஷன் ஏன் இவ்வளவு நேரம் மனதுக்குள்ளேயே இருக்கிறான் என்பது சட்டென்று பிடிபடும். தன் கண்முன்னால் நடக்காத ஒரு யுத்தத்தை அவனும் மனதுக்குள்தான் கட்டிக்கொண்டிருக்கிறான். கடைசிப் பாகத்தில் பாடையோடு சுடலைக்கு நடந்து போவதும் சிதை அடுக்குவதும் பொறுமையாகப் பார்த்து எழுதப்பட்டவை. நிலம் வேலைசெய்வது அங்கேதான், அதற்கு முன்னால் வன்னி யன்னலுக்கு வெளியேதான் ஓடுகிறது. இது குறை என்று சொல்லமாட்டேன், வெளியிலிருந்து வருகிறவனின் கதை அப்படித்தான் இருக்கும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளில் பொறுமைசாலிகளுக்குக் கொடுக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம்.

செவ்வாய், மாங்குளம் – ஒட்டுசுட்டான் – தண்ணிமுறிப்பு

மாங்குளம் சந்தியில் ஏ9ஐ விட்டு வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். தண்ணிமுறிப்புக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பிக்கொண்டிராமல் முள்ளியவளையிலோ குமுளமுனையிலோ ஓட்டோ பிடிப்பது நல்லது. காலையிலேயே போய், பின்னேரம் நாலு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் குளத்தடி யானைகளுக்குரியது.

இங்கே வைத்து வாசிக்க வேண்டிய நாவல் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது, சாகித்திய விருதும் பெற்றது. நூலகம் இணையத்தளத்தில் மின்வடிவில் கிடைக்கிறது, போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். தண்ணிமுறிப்புத்தான் கதை நடக்கும் ஊர். பதஞ்சலி என்ற பெண், அவளைக் கட்டுகிற கதிராமன், அந்தக் கல்யாணத்தை ஏற்காத தகப்பன் கோணாமலையர், வெளியூரிலிருந்து வந்து சேர்கிற வாத்தியார் சுந்தரலிங்கம். முக்கியமான ஆட்கள் இவ்வளவு பேர்தான். பெரிய நாவலும் அல்ல, இரண்டு இரவில் முடித்துவிடலாம்.

நிலம் எப்படிக் கதைக்குள் வேலைசெய்ய வேண்டும் என்று காட்டச் சொன்னால் இந்தப் புத்தகத்தைத்தான் நீட்டுவேன். தகப்பனை விட்டுப் பிரிந்தவனுக்கு வயல் இல்லை, ஆகவே காடு வெட்ட வேண்டும். காடு வெட்டுவது என்றால் என்னவென்று தெரிந்தால்தான் அந்தப் பக்கங்களின் பாரம் விளங்கும். ஆடி ஆவணி வெயிலில் முதலில் சிறு பற்றையையும் கொடியையும் வெட்டிச் சாய்ப்பார்கள். பிறகு பெருமரம். அது காய வேண்டும். காயாமல் நெருப்பு வைத்தால் இலை மட்டும் கருகி, தடி அப்படியே நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் காற்றுப் பார்த்து எரித்து, எரியாமல் மிஞ்சிய தடிகளைப் பொறுக்கிக் குவித்து மறுபடி எரித்து, பன்றி புகாதபடி அலம்பல் வேலி அடைத்து, ஐப்பசி மழை விழுந்ததும் விதைக்க வேண்டும். மழை ஒரு கிழமை முந்தினால் எரிப்பது கெட்டுவிடும், பிந்தினால் விதை கெட்டுவிடும். ஒரு ஆள் தனியே செய்கிற வேலை அல்ல. கதிராமன் தனியே இறங்குகிறான் என்பதிலேயே அவனுடைய குணம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பாலமனோகரன் அவன் வீரன் என்று எங்கும் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. வேலையைக் காட்டுகிறார், அது போதுமாக இருக்கிறது.

இப்போது ஆனி. குளத்தில் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் வெடித்த சேறும் எருமைக் குளம்படியுமாகக் கிடக்கிறது. தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் மட்டும் தண்ணீர் ஆழமாய், கறுப்பாய் நிற்கிறது. நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் இறக்கையை விரித்துக் காயவைக்கின்றன. நாவலின் முக்கியமான திருப்பம் மழைக்குள் நடக்கிறது. அதனால் இந்தப் புத்தகத்தை மார்கழியில், குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் வாசிப்பதுதான் நீதி. பாதை அறுந்து, பக்கத்து வீடும் கூப்பிடுதூரத்தில் இல்லாத தனிமை எப்படியிருக்கும் என்பதைக் கோடையில் ஊகிக்கத்தான் முடியும்.

எனக்கு ஒத்துவராத ஒன்றும் இதில் இருக்கிறது. குற்றவுணர்வின் சுமை முழுவதையும் பதஞ்சலி ஒருத்தியின் தலையிலேயே வைத்துவிடுகிறார். அவளுடைய வெகுளித்தனத்தைக் காட்டு உயிரின் வெகுளித்தனம் மாதிரியே எழுதுகிறார். அழகான எழுத்துத்தான், ஆனால் கதிராமனுக்குக் கொடுத்த யோசனையில் பாதிகூட அவளுக்குக் கொடுக்கவில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வகுப்பில் வாசிக்கிற ஆசிரியர்கள் அந்தக் கேள்வியை அமத்தாமல், அவள் பக்கத்திலிருந்து ஒரு அத்தியாயத்தைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். கட்டுரை எழுதச் சொல்வதை விட இதில் பிள்ளைகள் கனதூரம் போவார்கள்.

1984 மார்கழியில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சனம் வெளியேற்றப்பட்டது. நாவல் வந்து பதினொரு வருடத்தில் அதில் உள்ள ஊர் காலியாகிவிட்டது. யார் வீடு எங்கே இருந்தது, எந்தப் பாதையால் மாடு போனது, எந்த இடத்தில் மான் இறங்கும் என்பதெல்லாம் ‘நிலக்கிளி’யில் பதிந்திருக்கிறது. இதற்காகவே முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளிக்கூட நூலகத்திலும் இது குறைந்தது ஐந்து பிரதி இருக்க வேண்டும்.

செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ம் (1977) பைக்குள் இருக்கிறது. வன்னி விவசாயியை அதிகாரியும் முதலாளியும் எப்படிச் சுரண்டுகிறார்கள் என்பதுதான் பொருள். கிளிநொச்சியில் நிர்வாகப் பதவியில் இருந்தவர் என்பதால் காணி, கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) விவகாரங்களில் கை தவறவில்லை. நல்லவர் கெட்டவர் என்று ஆட்களை முதலிலேயே பிரித்துவிடுவதால் நடுவில் ஈர்ப்புக் குறைகிறது. ஆனாலும் கதை வேகம், பதினாலு வயதுக்கே கொடுக்கலாம்.

புதன், முத்தையன்கட்டுப் பக்கம்

சயந்தனின் ‘ஆதிரை’ 2015இல் வந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல். மடியில் வைத்து வாசிக்கிற புத்தகம் அல்ல, மேசை வேண்டும்.

வன்னியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிற ஒரு உண்மையிலிருந்து இந்த நாவல் எழும்புகிறது. வன்னிக் கிராமங்களில் கணிசமானவை மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் காடு வெட்டி உண்டாக்கியவை. தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் அவர்கள் இங்கே வந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கை மண்வெட்டி பிடித்தது. காணி உறுதி கையில் இல்லாமலே பயிர் செய்தார்கள். பிறகு யுத்தம் வந்தபோது முதல் வரிசையில் நின்றதும் அவர்களுடைய பிள்ளைகள்தான். தனிக்கல்லடியை மையமாக வைத்து, இந்தக் குடும்பங்களும் பூர்வீக வன்னிச் சனமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் ஒரே ஒழுங்கையில் வாழ்வதை சயந்தன் எழுதுகிறார். அதே ஒழுங்கைக்குள் சாதியும் ஊர்ப்பெருமையும் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறார். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்தது அதுதான். சண்டை நடக்கிற பக்கங்களை விட, ஒரு வீட்டில் யாருக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கப்படுகிறது என்ற பக்கங்கள் ஆழமாக இறங்குகின்றன.

வாசிக்கிறவருக்கு எங்கே சிக்கும்? பெயர்களில். முதல் நூறு பக்கத்துக்குள் நாலு குடும்பம் உள்ளே வந்துவிடும். பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு குடும்ப மரம் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த வருடம் என்று இரண்டு குறிப்பு. இல்லாவிட்டால் இருநூறாம் பக்கத்தில் ஒரு சாவு வரும்போது, யார் செத்தது என்று பின்னுக்குப் புரட்ட வேண்டி வரும். அந்தச் சாவின் கனம் அதோடு போய்விடும். நடுவில் அரசியல் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற பகுதி ஒன்றுண்டு. அங்கே ஆட்கள் நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் ஓடுகிறார்கள், கதை செய்தித்தாளுக்குக் கிட்டப் போகிறது. ஒரு நூறு பக்கம் குறைத்திருந்தால் நாவல் இன்னும் இறுகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நிலச் சோதனையில் ‘ஆதிரை’ தேறுகிறது. காடு இவர்களுக்கு முதலில் பயம், பிறகு சாப்பாடு, பிறகு ஒளிப்பிடம், கடைசியில் விட்டுப்போக வேண்டிய சொத்து. இந்தப் பருவத்தில் பாலைப்பழம் பழுத்துக் கிடக்கிறது. கூடச் சாப்பிட்டால் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க மாட்டாது, கொஞ்சம் எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். இப்படியான சின்னச் சின்ன அறிவுகளை ஒரு குடியேறிய குடும்பம் எப்படி ஒவ்வொன்றாகக் கற்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த நாவலின் முற்பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். பதினேழு வயதுக்கு மேல்.

வியாழன், முறிகண்டி – கிளிநொச்சி

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டுவதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தாயிற்று. இன்றைய நாள் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட நாவல்களுக்கு.

கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு நாவல் கொடுக்கலாம் என்றால், லிண்டா சூ பார்க்கின் ‘எ லோங் வோக் டு வோட்டர்’. 2010இல் வந்தது, நூற்றிருபது பக்கத்தைச் சுற்றி. இரண்டு கதை ஒன்றாக ஓடும். 1985இல் தென் சூடானில் பள்ளிக்கூடத்தில் இருந்த பதினொரு வயதுப் பெடியன் சல்வா வெடிச் சத்தம் கேட்டு ஓடத் தொடங்குகிறான். எத்தியோப்பியாவுக்கும் பிறகு கென்யாவுக்கும் நடக்கிறான். 2008இல் அதே வயதுச் சிறுமி நியா ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை குளத்துக்கு நடந்து தண்ணீர் சுமக்கிறாள். சல்வா உண்மையான ஆள், பிறகு தன் நாட்டில் கிணறு தோண்டும் அமைப்பை உருவாக்கியவர்.

இந்தப் புத்தகத்தை வன்னியில் வாசிப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் நியாவின் சிறு பந்தியோடு தொடங்கும், வேறு எழுத்துருவில் இருக்கும். முதலில் அந்தப் பந்திகளை மட்டும் தொடர்ச்சியாக வாசிக்கச் செய்யுங்கள். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும், ஆங்கிலமும் மிக எளிது. ஒரு முழுக்கதையை ஆங்கிலத்தில் முடித்தோம் என்ற தெம்போடு பிள்ளை சல்வாவின் பகுதிக்குப் போகும். முதல் பக்கத்திலிருந்து கலந்து வாசித்தால் இருபத்துமூன்று வருட இடைவெளி குழப்பி, நாலாம் அத்தியாயத்தில் மூடி வைத்துவிடும்.

நில வேலை என்றால் கிணறு தோண்டும் பகுதியைப் பாருங்கள். துளையிடும் பொறி வந்துவிட்டது, ஆனால் துளையிடுவதற்கே தண்ணீர் வேண்டும். அதைப் பிடித்து வைத்த பை ஒழுகுகிறது, வேலை நிற்கிறது. குழாய்க்கிணறு அடிப்பதைப் பார்த்த எந்தக் கிளிநொச்சிப் பிள்ளைக்கும் இது தெரிந்த காட்சி. பரிதாபத்தை வரவழைக்கப் பாடுபடாமல் வேலை எங்கே தடக்குகிறது என்று காட்டியதால்தான் கடைசியில் தண்ணீர் வரும்போது உண்மையில் சந்தோசமாக இருக்கிறது. சல்வா அமெரிக்கா போனபிறகு வருகிற வருடங்கள் மட்டும் அவசரம் அவசரமாக ஓடிவிடுகின்றன.

அலன் கிராட்ஸின் ‘ரெஃபியூஜி’யும் (2017) இடப்பெயர்வுதான். 1939இல் ஜேர்மனியை விட்டுக் கப்பலேறும் யூதப் பெடியன், 1994இல் கியூபாவிலிருந்து படகேறும் சிறுமி, 2015இல் சிரியாவிலிருந்து நடக்கும் பெடியன் என்று மூன்று பேர். கெட்டிக்காரத்தனமான கட்டமைப்பு. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு ஆபத்தின் விளிம்பில் முடிகிறது. பத்தாவது தடவையும் அப்படியே முடியும்போது உத்தி வெளியே தெரிந்துவிடுகிறது. இடம்பெயர்ந்த வாழ்க்கையின் பெரும்பகுதி காத்திருப்பு. தண்ணீர் வரிசை, நிவாரண வரிசை, கூடாரத்துக்குள் வெயில், ஒரே சமையல். அந்தச் சலிப்பை எழுதாத நாவல், யுத்தம் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக்பாம் முகாமில் இருந்த தாய்தகப்பனின் பிள்ளைக்குப் பாதி உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் வாசிக்கவே பஞ்சிப்படுகிற பெடியளை உள்ளே இழுக்க இதைப்போல ஒன்று இல்லை. அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சியாம் செல்வதுரையின் ‘சுவிமிங் இன் த மொன்சூன் சீ’ (2005) 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. பதினாலு வயது அம்ரித், கனடாவிலிருந்து வருகிற ஒன்றுவிட்ட சகோதரன் நிரேஷ், பள்ளிக்கூடத்தில் ஒத்தெல்லோ நாடகம். அம்ரித்துக்குத் தன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மெல்ல விளங்குகிறது. ஆண்பிள்ளை ஆண்பிள்ளையை விரும்புவதை இவ்வளவு மரியாதையாக, பிள்ளையின் உயரத்திலிருந்தே எழுதிய இலங்கை நாவல் வேறொன்று என் கண்ணில் படவில்லை. பொறாமை வரும் இடங்களில் ஒத்தெல்லோவின் நிழல் சரியான அளவில் விழுகிறது. வன்னிப் பள்ளிக்கூடங்களில் இதைக் கொடுக்கத் தயங்குவார்கள். வகுப்புக்குப் பொதுவாகக் கொடுக்காமல், நூலக அலுமாரியில் எல்லோருக்கும் எட்டும் தட்டில் வைத்தாலே காணும். வேண்டிய பிள்ளை தானாக எடுக்கும்.

வி. வி. கணேஷானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ (2023) பெரியவர்களுக்கான நாவல், 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. ஆனால் சொல்லுகிற சஷி தொடக்கத்தில் பதினாறு வயது, வைத்தியராக வர விரும்புகிற யாழ்ப்பாணப் பிள்ளை. யாழ் நூலகம் எரிவதும் 83 கலவரமும் அவளுடைய படிப்புக்கும் சகோதரர்களுக்கும் நடுவால் வருகின்றன. வாசகரைப் பார்த்து நேரே ‘நீங்கள்’ என்று பேசுகிற குரல் அதன் பலம். எல்லா ஆயுத இயக்கமும் எல்லா அரசும் கேள்விக்குள்ளாகின்றன, ஒருவரும் தப்பவில்லை. உயர்தர உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், காயத்துக்கு மருந்து கட்டும் பக்கங்களிலிருந்து உள்ளே போய்விடுவார்கள்.

ஆங்கில நாவல் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்க ஐந்து விரல் சோதனை ஒன்றே போதும். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வர ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று என்றால் நல்ல அளவு. ஒன்றுமே மடங்காவிட்டாலும் கொடுங்கள், வேகம் பழகும். கேள்விப்பத்திரம் மட்டும் தயாரிக்காதீர்கள். ரியூசனுக்கும் பரீட்சைக்கும் நடுவில் நாவல் ஒன்றாவது புள்ளி இல்லாமல் இருக்கட்டும்.

வெள்ளி, பரந்தன் – புதுக்குடியிருப்பு – வட்டுவாகல்

பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009இன் முதல் மாதங்களில் சனம் நகர்ந்த அதே வரிசை. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) இந்தப் பாதையின் நாவல். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறிப் போகிற ஒரு வயதான பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அலங்காரம் கிடையாது. என்ன சமைத்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், எந்தச் சாமானுக்கு என்ன விலை, யார் உதவினார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று நகர்கிறது. இலக்கியமாக இல்லை, அறிக்கை மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. சமையலும் தண்ணியும் பிள்ளையின் வயிறும்தான் அங்கே கதை. அதை அலங்கரித்தால் பொய்யாகிவிடும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்த நாவலைக் கொடுப்பதற்கு முன் பதுங்கு குழி பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நேரே வெட்டுகிற குழியை விட எல் வடிவக் குழி பாதுகாப்பு, வாசலால் வரும் சன்னம் முடக்கில் நின்றுவிடும். மேலே பனங்குத்தியோ தென்னங்குத்தியோ அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. கிளிநொச்சியின் இறுகிய மண்ணில் சுவர் நிற்கும். கடற்கரைப் பக்கம் போகப்போக வெறும் மணல், வெட்ட வெட்டச் சரியும், மூன்றடி நாலடியில் தண்ணீர் ஊறும். அதனால்தான் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மணல் நிரப்பினார்கள். கூறைச்சேலையும் அதற்குள் போனது. இது தெரிந்து வாசித்தால், கடற்கரைக்குக் கிட்டப் போகப்போகச் சாவு ஏன் கூடுகிறது என்பதை மண்ணே சொல்லிவிடும்.

அனுக் அருட்பிரகாசத்தின் முதல் நாவல் ‘த ஸ்டோரி ஒஃப் எ பிரீஃப் மேரேஜ்’ (2016) இதே நாட்களின் ஒரு பகலும் இரவும் மட்டும். முகாமில் தனித்து நிற்கும் தினேஷிடம் ஒரு தகப்பன் வந்து தன் மகள் கங்காவைக் கட்டச் சொல்லிக் கேட்கிறார். முதல் பக்கத்திலேயே கை வெட்டப்படப் போகிற ஆறு வயதுப் பிள்ளையைத் தினேஷ் தூக்கிக்கொண்டு வருகிறான். இதைச் சொல்லாமல் யாரிடமும் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழே கட்டாயம் வேண்டாம். நெருங்கியவரைக் கடைசி நாட்களில் இழந்தவர்களிடமும் அவர்களாகக் கேட்காமல் நீட்டாதீர்கள்.

இடப்பெயர் ஏறக்குறைய இல்லாத நாவல் இது. என் கேள்விக்கு இது தோற்க வேண்டும், ஆனால் தோற்கவில்லை. நடுவில் தினேஷ் கிணற்றடிக்குப் போய் நகம் வெட்டி, முடி வெட்டி, ஊத்தை படிந்த உடுப்பைத் துவைத்து, குளிக்கிற பக்கங்கள் இருக்கின்றன. எத்தனையோ நாளாகத் தண்ணி படாத உடம்பு. அழுக்குத் திரண்டு வருவதும், தண்ணி தோளில் விழுந்து முதுகால் இறங்குவதும் ஒவ்வொரு அங்குலமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த உடம்புதான் இந்த நாவலின் நிலம். ஷெல் விழுகிற பக்கங்களை விட இந்தக் குளிப்புத்தான் என்னை ஆட்டியது.

ஷோபாசக்தியின் ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’ (2015) பெரிய பள்ளன்குளம் என்ற வன்னிக் கிராமத்தில் வைத்துக் கதைக்குள் கதையாகப் பின்னியது. கட்டமைப்பில் மேலே சொன்ன எல்லாவற்றையும் விடத் துணிச்சலானது, வன்முறையும் அதே அளவுக்கு நேரடியானது. முதலில் ‘ஊழிக்காலம்’, பிறகு ‘பொக்ஸ்’ என்ற வரிசையில் வாசித்தால் அது எதை உடைத்துப் பார்க்கிறது என்பது தெளிவாகும்.

வட்டுவாகல் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனந்தான் போகும். நந்திக்கடலில் தண்ணீர் வற்றி, உப்புப் பூத்துக் கிடக்கிறது.

சனி, இரணைமடுக் குளக்கட்டு

இத்தனை புத்தகம் புரட்டியும் ஒன்று அகப்படவில்லை: வன்னியில் பிறந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்றே, இன்றைய வன்னியைப் பற்றி எழுதிய தமிழ் நாவல். சிறுவருக்கு ஓரளவு வருகிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பால சாகித்திய விருது பெற்றது. தப்பான தொடுகையைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளையோடு பேச நல்ல புத்தகம். பெரியவர்களுக்கு மேலே சொன்ன அத்தனையும் இருக்கிறது. நடு வயதுதான் வெறுமையாகக் கிடக்கிறது.

எப்படி எழுதலாம் என்பதற்கு உதாரணம் தமிழிலேயே இருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’ (1982). பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒரு கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு எட்டு நாள் ஒளிந்து திரிகிறான். ‘அசுரன்’ படம் இதிலிருந்துதான் வந்தது, ஆனால் படம் பார்த்தவர்களும் நாவலை வாசிக்க வேண்டும். எங்கே படுப்பது, எதைச் சுட்டுத் தின்பது, எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு, பெரியவர்களோடு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது. இவ்வளவையும் ஒரு பதின்ம வயதுப் பெடியனின் கண்ணால் பூமணி காட்டுகிறார், ஒரு இடத்திலும் அறிவுரை சொல்லவில்லை. இளையோர் நாவல் என்று அட்டையில் போடாத நல்ல இளையோர் நாவல். கரிசல் காட்டை வன்னிக் காடாக மாற்றி யோசிக்கப் பிள்ளைகளுக்கு அரைமணித்தியாலம் ஆகாது.

வன்னிக்கு எழுத நினைக்கிறவருக்குப் பொருள் இந்தக் குளக்கட்டிலேயே கிடக்கிறது. கனகராயன் ஆறு மறிபட்ட குளம், வடமாகாணத்தில் இதை விடப் பெரிய குளம் இல்லை. சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல் விதைப்புக்கு, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் திறப்பது என்று ஒவ்வொரு வருடமும் கூட்டம் கூடித்தான் தீர்மானிப்பார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் எல்லோருக்கும் விதைக்க முடியாது. யாருடைய வயல் இந்த முறை தரிசாகக் கிடக்கும்? அந்த வீட்டுப் பிள்ளையின் ரியூசன் காசு எங்கிருந்து வரும்? அண்ணன் வெளிநாடு போக எடுத்த கடனை யார் கட்டுவது? அம்மா கதைக்காத 2009ஐ அந்தப் பிள்ளை யாரிடம் கேட்கும்? யுத்தம் இதற்குள் தானாக வரும். அதை முதல் அத்தியாயத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை.

நூற்றைம்பது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அத்தியாயம் ஒன்று எட்டுப் பக்கம், பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் வாசித்து முடிகிற அளவு. பிள்ளைகள் கதைக்கிற தமிழிலேயே உரையாடலை எழுதுங்கள். அடிக்குறிப்புப் போட்டு விளக்காதீர்கள், அது அவர்களுடைய பேச்சு, அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எழுதி முடித்ததும் விமர்சகரிடம் கொடுப்பதற்கு முன் கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ பத்தாம் வகுப்புப் படிக்கிற மூன்று பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்னால், அதற்கு நாலு பக்கம் முன்னாலிருந்து திருத்தத் தொடங்குங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.